சின்னக் கைக்கு ஒரு கண்ட்ரோலர்: அளந்து, பிரித்து, ஸ்டிக் மாற்றியது

வீடியோ கேம் கண்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது விலை, பேட்டரி, எத்தனை ஹெர்ட்ஸ், லைட் எரிகிறதா என்பதைத்தான். நான் முதலில் ஸ்கேலை எடுத்துக் கையை அளந்து பார்க்கச் சொல்வேன். மணிக்கட்டில் உள்ளங்கை தொடங்கும் இடத்து மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை எனக்கு 16.5 செ.மீ. வளர்ந்த ஆண்களின் கை 19 செ.மீ. பக்கம் வரும். இந்த இரண்டரை சென்டிமீட்டர் பார்க்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் தினமும் விளையாடுகிறவர்களுக்கு அது கட்டைவிரலின் அடிமூட்டில் வலியாக வந்து உட்கார்ந்துவிடும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி முஷ்டி பிடித்துக்கொண்டு மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் ஓரமாக மணிக்கட்டில் சுரீரென்று இழுத்தால் அங்கே ஓடும் தசைநாண்களின் உறை வீங்கியிருக்கலாம், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், கண்ட்ரோலரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் காட்டிவிட்டு, ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

கை அளவுப் பிரச்சினை புதிதும் இல்லை. 2001-இல் மைக்ரோசாஃப்ட்டின் முதல் எக்ஸ்பாக்ஸோடு வந்த கண்ட்ரோலர் அவ்வளவு பெரிது, அதற்கு 'டியூக்' என்றே பெயர் நின்றுவிட்டது. 2002-இல் ஜப்பானில் விற்க இறங்கியபோது சின்னதாக வேறு ஒன்று செய்து கொடுத்தார்கள், கண்ட்ரோலர் எஸ். அப்புறம் மற்ற ஊர்களிலும் டியூக்கை ஓரங்கட்டிவிட்டு அதுவே நிலைத்தது. 2020-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கண்ட்ரோலரிலும் பம்பர் (ஆள்காட்டி விரல் படும் மேல் பட்டன்) ஓரங்களையும் ட்ரிகரை (அதற்குக் கீழே இழுக்கும் பட்டன்) சுற்றிய இடத்தையும் கைப்பிடியையும் இழைத்துச் சின்னக் கைகளையும் கணக்கில் எடுத்தார்கள். ஆக, கை வலித்தால் அது உங்கள் பழக்கக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, எப்படிப் பார்த்து எடுப்பது? நண்பர்கள், அக்கா பையன், பக்கத்து ஃபிளாட் தம்பி என்று யாரிடம் எது இருந்ததோ எல்லாவற்றையும் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். பார்க்க வேண்டியது இதுதான்: வழக்கமாக விளையாடும் அதே இடத்தில் உட்கார்ந்து, முழங்கையை மடியிலோ கைப்பிடியிலோ வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கண்ட்ரோலரைப் பிடியுங்கள். எதையும் தேடாமல் கட்டைவிரல் இரண்டையும் தானாக விழ விடுங்கள். கண்ணைத் திறந்து எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். விரலின் சதைப்பகுதி, அதாவது கைரேகை வைக்கும் இடம், கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக்கின் நடுவில் படிய வேண்டும், மூட்டு லேசாக மடங்கியிருக்க வேண்டும். விரல் நுனி மட்டும் எட்டித் தொட்டால் கண்ட்ரோலர் பெரிது. மூட்டுக்குக் கீழே போய்ப் படிந்தால் சின்னது.

ஸ்டிக் இருக்கும் இடமும் முக்கியம். பிளேஸ்டேஷன் வகையில் இரண்டு ஸ்டிக்கும் கீழே நடுவில் ஜோடியாக இருக்கும், இடது கட்டைவிரல் இயல்பாக விழும் இடத்தில் டி-பேட், அதாவது கூட்டல்குறி வடிவத் திசைப் பட்டன், இருக்கும். எக்ஸ்பாக்ஸ் வகையில் அந்த இடத்தில் இடது ஸ்டிக். 2டி (இருபரிமாண) சண்டை, தாவிக் குதிக்கும் பிளாட்ஃபார்ம் கேம் என்று டி-பேடிலேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு முதல் வகை அருமை. நான் ஆடுவது பெரும்பாலும் கார், கால்பந்து, திறந்த உலக கேம்கள், இடது ஸ்டிக்கை விட்டு விரல் எடுக்கவே மாட்டேன். கீழே இருக்கும் ஸ்டிக்குக்கு என் விரல் உள்நோக்கி நீட்டிப் போக வேண்டியிருந்தது, அந்த நீட்டல்தான் வலிக்கிற இடம். எந்த நிறுவனத்து வடிவம் சிறந்தது என்று சண்டை போடுவதைவிட, நீங்கள் அதிகம் தொடும் பொருள் உங்கள் விரல் விழும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

அடுத்தது ஆள்காட்டி விரல். ட்ரிகர் மேல் வைத்துக்கொண்டே, பிடியை அசைக்காமல், விரலின் நடுப்பகுதியால் பம்பரை அழுத்த முடிகிறதா? சின்னக் கைக்குப் பல கண்ட்ரோலர்களில் இது முடியாது, விரலைத் தூக்கி மேலே கொண்டு போக வேண்டும், அந்த நேரத்தில் கைப்பிடி உள்ளங்கையில் நழுவும். கைப்பிடியின் தடிமன் இன்னொன்று. தடித்த கைப்பிடி பார்க்க சொகுசாக இருக்கும், ஆனால் உள்ளங்கையைப் பின்னால் தள்ளிவிடும், தள்ளிய அளவுக்குக் கட்டைவிரலின் எட்டு தூரம் குறையும்.

எடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டூயல்ஷாக் 4 சுமார் 210 கிராம், டூயல்சென்ஸ் 280 பக்கம், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கண்ட்ரோலர் இரண்டு ஏஏ பேட்டரியோடு அதே அளவுக்கு வரும். 70 கிராம் வித்தியாசம் பத்து நிமிஷத்தில் தெரியாது, இரண்டு மணி நேரத்தில் தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகு என் கைக்கு எது சரியாக உட்கார்ந்தது என்றால், வீட்டில் ஏற்கெனவே அலமாரியில் கிடந்த பழைய கண்ட்ரோலர். பெயரைச் சொல்லவில்லை. இடது ஸ்டிக் மேலே இருக்கும் வகை, ஒல்லியான கைப்பிடி, எடை குறைவு. கட்டைவிரல் கண்ணை மூடிக்கொண்டு நேராகப் போய் விழுகிறது. குறை ஒன்றுதான், ஸ்டிக் இரண்டும் தேய்ந்து போய், விரலை எடுத்த பிறகும் கேமரா தானாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். ட்ரிஃப்ட். கைக்குப் பொருந்தாத புதுசை வாங்குவதைவிடப் பொருந்துகிற பழசைச் சரிசெய்வது நல்லது என்று முடிவெடுத்தேன்.

ட்ரிஃப்ட் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம், எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த இடம் அதுதான். ஸ்டிக் மாட்யூல் என்பது ஒரு சின்ன உலோகப் பெட்டி, அதன் இரண்டு பக்கத்தில் ஸ்டிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கும் ஆளுக்கொரு பொட்டென்ஷியோமீட்டர், ஒன்று இட வலத்துக்கு, இன்னொன்று மேல் கீழுக்கு. அந்தப் பக்க மூடியை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கழன்று வரும். உள்ளே ஒரு வெள்ளைச் சக்கரம், அதில் மயிரிழை போன்ற உலோகக் கால்கள், அவை உரசிக்கொண்டு போக ஒரு கறுப்பு கார்பன் பாதை. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அந்தக் கறுப்பின் நடுவில் மட்டும் ஒரு கோடு பளபளவென்று தேய்ந்திருக்கும், ஓரங்கள் புதுசு மாதிரியே இருக்கும். ஸ்டிக் பெரும்பாலான நேரம் நடுவிலும் நடுவைச் சுற்றியும்தானே இருக்கிறது, அதனால் அங்கேதான் தேய்மானம். நடு எது என்று கண்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டிய இடமே பொய் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் தூசி போகும், தேய்ந்த கார்பன் திரும்பி வராது.

அதனால் ஹால் மாட்யூல் போடுவது என்று தீர்மானித்தேன். ஸ்டிக்கோடு ஒரு சின்னக் காந்தம் நகரும், எதிரே இருக்கும் சென்சார் காந்தப்புலம் மாறுவதைப் பார்த்து நிலையைச் சொல்லும், ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை, ஆகவே உரசித் தேய எதுவும் இல்லை. எட்வின் ஹால் இந்த விளைவைக் கண்டுபிடித்தது 1879-இல். கேம் கண்ட்ரோலரில் வந்ததுகூட இன்று நேற்று இல்லை, செகாவின் ட்ரீம்காஸ்ட் 1998-லேயே ஸ்டிக்குக்கும் ட்ரிகருக்கும் காந்த சென்சார்தான் வைத்திருந்தது. இப்போது டிஎம்ஆர் என்று இன்னொரு காந்த வகையும் கிடைக்கிறது, அது மின்சாரம் குறைவாக எடுக்கும், வயர்லெஸ்ஸுக்கு நல்லது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், சென்சார்தான் தேயாது, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எந்த வகையிலும் நாளடைவில் தளரத்தான் செய்யும்.

மாட்யூலைச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் வாங்கினேன். கடைக்காரரிடம் பழைய மாட்யூலின் படத்தைக் காட்டி, "அண்ணா, இதே கால் வர்ற மாதிரி ஹால்ல இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கும்மா, ஆனா நீங்களே போடறதா இருந்தா பழசை உருவி எடுக்கப் பாக்காதீங்க, வெட்டி எடுங்க. இங்க வர்ற போர்டுல பாதி உருவி எடுத்து ஓட்டை பிஞ்சு வர்றதுதான்" என்றார். நான் படித்ததும் அதுதான், ஆனால் தினமும் செய்கிறவர் வாயால் கேட்டபோது இன்னும் உறுதியானது.

ஏன் வெட்ட வேண்டும் என்று விளக்குகிறேன். ஒரு ஸ்டிக் மாட்யூலுக்கு 14 சால்டர் புள்ளிகள், அதாவது உலோகத்தை உருக்கிப் போர்டோடு பற்றவைத்த இடங்கள். பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றுக்கு மூன்று வீதம் ஆறு, ஸ்டிக்கை உள்ளே அழுத்தும் பட்டனுக்கு நான்கு, உலோகச் சட்டத்தின் கால்கள் நான்கு. பதினான்கும் ஒரே நேரத்தில் இளகினால்தான் மாட்யூல் முழுசாக வெளியே வரும். ஒன்று இளகாமல் இருக்கும்போது இழுத்தால் ஓட்டைக்குள் இருக்கும் செம்பு உறையும் சேர்ந்து வந்துவிடும், அப்புறம் ஜம்பர் வயர் போட்டுத்தான் பிழைக்க வைக்க வேண்டும். எப்படியும் பழைய மாட்யூல் குப்பைக்குத்தான் போகப் போகிறது, அதனால் அதை பலி கொடுத்து போர்டைக் காப்பாற்றுவது நியாயம். பக்க மூடிகளை நெம்பி எடுத்துவிட்டு, சட்டத்தையும் பட்டனையும் ஃபிளஷ் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி எடுத்தால், கடைசியில் போர்டில் தனித்தனிக் கால்கள்தான் நிற்கும். ஒவ்வொன்றாகச் சூடு காட்டி டிவீஸரால் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது, அதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். ரம்பிள் மோட்டார் வயர்கள் எந்த நிறம் எங்கே என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் போட்டிருக்கும் ஈயமில்லாத சால்டர் இளகவே 217 டிகிரி வேண்டும், நம்மிடம் இருக்கும் 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37 சதவீதம்) ஈயக்கம்பி 183-லேயே இளகும். ஒவ்வொரு புள்ளியிலும் சால்டர் நன்றாக ஓட உதவும் ஃபிளக்ஸை நிறையத் தடவி, கொஞ்சம் ஈயக்கம்பியை ஊட்டிக் கலந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து குறைந்த சூட்டில் இளகும். அதன் பிறகு இளகியதை உறிஞ்சும் சக்கர், கடைசியில் மிச்சத்தை இழுக்கும் செம்புப் பின்னலான விக். நான் வெப்பநிலை வைக்கக்கூடிய ஸ்டேஷனில் 350 டிகிரி, உளி வடிவ டிப். 25 வாட் பென்சில் சால்டரிங் அயர்னில் சாதாரண கால்கள் வந்துவிடும், ஆனால் கிரவுண்டோடு சேரும் கால்களில் திணறும், ஏனென்றால் அங்கே போர்டின் பெரிய செம்புத் தளம் முழுக்கச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சட்டத்தின் நான்கு கால்களும் அந்த ரகம். அந்த இடங்களில் அயர்னை அழுத்திப் பிடித்துக் காத்திருக்கக் கூடாது, கால் ஒட்டும் செம்பு பேட் போர்டிலிருந்து உரிந்துவிடும். ஹேர் டிரையரால் போர்டைப் பொதுவாகக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு வைத்தேன், சட்டென்று இளகியது. பழைய ஓட்டைகளை விக்கால் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, பதினான்கு ஓட்டையிலும் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் புதுசை நுழைத்தேன். நுழைக்கும்போது சக்தி தேவைப்பட்டால் ஏதோ ஒரு ஓட்டை இன்னும் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். முதலில் எதிரெதிர் மூலையில் இரண்டு கால்களை மட்டும் சால்டர் செய்து, மாட்யூல் போர்டில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்து, அப்புறம் மீதி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து ஃபிளக்ஸைக் கழுவிவிட்டால் முடிந்தது.

மாட்டியவுடன் சரியாக ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. புது மாட்யூலின் நடு வேறு, வீச்சு வேறு, கண்ட்ரோலருக்குப் பழைய அளவுதான் ஞாபகத்தில் இருக்கும். என்னுடையதில் இரண்டு பட்டன்களைச் சேர்த்துப் பிடித்தால் கேலிபிரேஷன் மோடுக்குப் போகும், ஸ்டிக்கை ஓரத்தோடு மெதுவாக வட்டமடிக்கச் சொல்லும். டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் குரோம் பிரவுசரிலேயே ஓடும் டூயல்ஷாக் கேலிபிரேஷன் ஜியுஐ என்ற கருவி இருக்கிறது, நடுவையும் வீச்சையும் கண்ட்ரோலருக்குள்ளேயே எழுதி வைக்கும். எந்தக் கண்ட்ரோலர் என்றாலும் மாட்யூல் வாங்குவதற்கு முன்னால் அளவுத்திருத்தம் செய்ய வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் நல்ல மாட்யூல் போட்டும் நடு கோணலாகவே நிற்கும்.

இப்போது வேகத்தைப் பற்றி. கண்ட்ரோலர் மந்தமாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உடனே ஹெர்ட்ஸைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை செய்தி, 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. ஆக மோசமான நேரத்திலும் வித்தியாசம் 7 மில்லி செகண்ட். நொடிக்கு 60 பிரேமில் ஓடும் கேமில் ஒரு பிரேமே 16.7 மில்லி செகண்ட். டிவியில் கேம் மோடு போடாமல் ஆடினால் படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் இதையெல்லாம் விழுங்கிவிடும். முதலில் அதை மாற்றுங்கள், காசு செலவே இல்லை. வயர்லெஸ் கண்ட்ரோலரின் 2.4 ஜி டாங்கிளை (செருகும் ரிசீவர்) கம்ப்யூட்டருக்குப் பின்னால் யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகியிருந்தால் அந்த போர்ட்டே அதே அலைவரிசையில் இரைச்சல் போடும், ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் மேஜைக்கு மேலே கொண்டு வந்து வையுங்கள்.

ஆனால் விரல் உண்மையில் உணர்கிற மந்தம் டெட்ஸோன். ஸ்டிக் நடுவைச் சுற்றி இவ்வளவு தூரம் அசைந்தாலும் அசையாததாகக் கொள் என்று கேமுக்குச் சொல்லியிருக்கும் வட்டம் அது. விண்டோஸ் கேம்கள் கண்ட்ரோலரைப் படிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்-இன்புட்டில் அவர்களே எழுதி வைத்திருக்கும் எண் இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689, முழு வீச்சு 32767. அதாவது இடப்பக்கம் கிட்டத்தட்ட 24 சதவீதம், வலப்பக்கம் 26 தாண்டும். ஒரு கேம் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் ஸ்டிக்கின் பயணத்தில் கால்வாசிக்கு எதுவுமே நடக்காது! தேய்ந்த பொட்டென்ஷியோமீட்டரின் பொய்யை மறைக்க அது தேவை. நடு ஒழுங்காக நிற்கும் ஸ்டிக்குக்கு அது வீண். கம்ப்யூட்டர் கேம்களுக்கான ஸ்டீம் செயலியில் கேமுக்குக் கேம் இதை மாற்றலாம், பல கேம்களின் செட்டிங்ஸிலேயே இருக்கும். நான் வைக்கும் முறை: டெட்ஸோனைச் சுழியத்துக்குக் கொண்டு போய், ஸ்டிக்கை எல்லாத் திசையிலும் தள்ளித் தள்ளி விட்டு, கேமரா தானாக நகர்கிறதா என்று பார்த்து, நகர்வது நிற்கும் வரை ஒவ்வொரு சதவீதமாக ஏற்றுவது. இப்போது 4 சதவீதத்தில் நிற்கிறது. பழைய ஸ்டிக்கில் 20-க்குக் கீழே வைக்கவே முடியவில்லை. மெதுவாக நடப்பது என்ற ஒன்று என் கேம்களில் இருந்ததே இதற்குப் பிறகுதான் தெரிந்தது, கார் வளைவில் சின்னச் சின்னத் திருத்தம் கொடுக்க முடிகிறது, விரலும் இறுக்கிப் பிடிப்பதில்லை. வலி குறைந்ததில் இதற்கும் பங்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன், ஸ்டிக் உடனே கேட்கும்போது அதை ஓரம் வரை முட்டித் தள்ள வேண்டிய அவசியமே வருவதில்லை.

ஸ்டிக் தொப்பியை உயரமாக்கும் துண்டுகள் விற்கிறார்கள். உயரம் கூடினால் அதே கோணத்துக்கு விரல் அதிக தூரம் போகும், அதனால் குறி நுணுக்கமாகும், நீளமான விரல்காரர்களுக்கு நல்லது. என் மாதிரி கைக்கு வேண்டாம், எட்டாது. நான் மாற்றியது தொப்பியின் மேற்பரப்பை மட்டும், நடுவில் குழிந்து விளிம்பில் சொரசொரப்பு இருக்கும் வகை. சென்னை வியர்வைக்கு விளிம்புப் பிடி கட்டாயம். அதே காரணத்துக்காக, வழவழவென்று ரப்பர் பூசிய கைப்பிடிகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நம் ஊர் ஈரத்திலும் சூட்டிலும் அந்தப் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். பிளாஸ்டிக்கிலேயே புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு வார்த்திருப்பதுதான் நிற்கும். ஏற்கெனவே பிசுபிசுத்தது கையில் இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு அழுத்தித் துடையுங்கள், பூச்சு முழுக்க வந்து வெறும் பிளாஸ்டிக் கிடைக்கும், அதுவே மேல்.

என் கண்ட்ரோலரின் கைப்பிடியில் இரண்டு பாதி ஷெல் சேரும் தையல் கோடு மோதிர விரலில் வெட்டிக்கொண்டே இருந்தது. 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, 800-இல் முடித்தேன். ஷெல்லைத் தனியாகக் கழற்றி வைத்துத்தான் தேய்க்க வேண்டும், தூள் பட்டனுக்குள் போனால் வேலை இரட்டிப்பு. கைப்பிடியின் கீழ் முனையில் மட்டும், சுண்டுவிரல் படும் இடத்தில், பேட்மின்டன் ராக்கெட்டுக்குச் சுற்றும் மெல்லிய ஓவர்கிரிப்பை ஒரு சுற்று ஒட்டியிருக்கிறேன். மேலே வரை சுற்றினால் தடிமன் கூடி மறுபடி விரல் எட்டாமல் போகும்.

ட்ரிகர் மட்டும் பாக்கி இருந்தது. சுடும் கேம்களில் முழு நீளமும் இழுப்பது வீண், எக்ஸ்-இன்புட் கணக்கில் ட்ரிகரின் 255-இல் 30 தாண்டினாலே அழுத்தியதாக எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. ட்ரிகருக்குப் பின்னால் ஒரு சின்ன சிலிகான் துண்டை இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டினேன், இழுப்பு பாதியில் நிற்கிறது, விரல் மூட்டுக்கு நிம்மதி. கார் ஆடும்போது ஆக்ஸிலேட்டர் முழுசாகப் போக வேண்டும், அதனால் வலப்பக்கத் துண்டை மட்டும் நகத்தால் உரித்து எடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப ஒட்டிக்கொள்கிறேன். டேப் பசை விட்டுப் போகும் வரை இப்படியே ஓட்டலாம், அடுத்த தடவை ஷெல்லைத் திறக்கும்போது உள்ளேயே தள்ளி நிறுத்துகிற மாதிரி ஒரு சின்ன லீவர் வைத்துப் பார்க்க வேண்டும்.